கார்புரேட்டரோடு போனவர்

இன்று வாலாஜாபாத் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் என் பையை வைத்திருந்தேன். கம்பியைப் பிடித்து நின்ற ஒரு கிழவர், “பையை எடும்மா, குந்திக்கறேன். கால் கடுக்குது” என்றார்.

அந்தக் குரலை நான் மறப்பேனா?

எழுபதுகளில் எங்களுக்கு வேன்தான் வீடு, வேன்தான் வளையல் கடை. செய்யாறு திருவிழாவுக்குப் போகும் வழியில் பிள்ளையார்பாளையத்தில் வண்டி நின்றுவிட்டது. அங்கே மெக்கானிக்காக இருந்த இவர்தான் கார்புரேட்டரைக் கழற்றினார்.

“அரை மணி நேரந்தாம்மா” என்றார். நாங்கள் வேறு ஆளிடம் போய்விடக் கூடாதென்று அதைப் பையில் போட்டுக்கொண்டு ஊர்க் கோயில் உற்சவத்தில் கருட சேவை பார்க்கப் போனார். தேரும் பார்த்துவிட்டு நாலாம் நாள்தான் வந்தார்.

வேனுக்கும் அவர் பட்டறைக்கும் நடந்து நடந்து என் கால் ஓய்ந்தது. அதற்குள் செய்யாற்றில் கோயில் வாசலில் நாங்கள் கடை போடும் இடத்தை இன்னொருத்தி பிடித்துவிட்டாள். அது திரும்பக் கிடைக்கவே இல்லை.

“அரை மணி பொறுத்துக்கோப்பா. வாலாஜாபாத் வந்ததும் நானே எழுந்துக்கறேன்” என்றேன்.

“எம்மேல இன்னாம்மா கோவம்?”

“வளையல் வேன். கார்புரேட்டர்.”

குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். “அந்த வண்டியா! இன்னும் ஓடுதா?”

நான் பையின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

ஐயம்பேட்டையில் முன் இருக்கை காலியானது. அவர் போகவில்லை. வாலாஜாபாத் வரை என் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தும் எனக்குத்தான் உட்காரப் பிடிக்கவில்லை. அவர் நிறுத்திவைத்த நாலு நாளுக்கு நான் நிறுத்திவைத்த அரை மணி நேரம் அதிகமா? நீங்களே சொல்லுங்கள்.