பத்து ரூபாய்க்கு மேல் வாங்காத வேட்பாளர்

ஏகாம்பரம் சார் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னது ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். காலையில் பால் வாங்கப் போகும்போது, தெருமுனையில் எங்கள் வார்டு கவுன்சிலர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறந்தநாள் போலிருக்கிறது என்று கடந்து போனேன். திரும்பி வரும்போதுதான் கீழ் மூலையில், அப்பளம் அளவு வட்டத்துக்குள் சாரின் முகம் தெரிந்தது. பக்கத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டிருந்தது. செத்தவர் யார் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சாரின் மகள் எங்களுக்குச் சொல்லி அனுப்புவதற்குள் கவுன்சிலருக்கு பேனர் அடித்துக் கட்ட நேரம் கிடைத்திருக்கிறது. பால் பையோடு அங்கேயே நின்று அழுதேன். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், அதனால் பொய் சொல்ல முடியாது. தபால் ஆபீசில் பல வருடம் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்துக் கவுன்ட்டர். தங்கமான மனுஷர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவார். என் டிபன் பாக்ஸிலிருந்து கேட்காமல் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, “உப்பு பத்தலம்மா” என்பார். ஆனால் ஒரு விஷயம். எங்கள் தெருவுக்குப் பின்னால் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறாரே, அந்தப் பெரிய மனிதர் ஒருநாள் பக்கக் கதவு வழியாக உள்ளே வந்து நின்றார். எங்கள் அதிகாரி பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்தார். சார் தலையைத் தூக்கவே இல்லை. “கதவு அந்தாண்ட இருக்குது, வரிசை இந்தாண்ட இருக்குது. எதுல போறீங்களோ போங்க” என்றார். வந்தவர் கதவு வழியாகவே போய்விட்டார்.

அந்த மண்டபத்தின் கழிவுநீர்தான் இன்றைக்கும் எங்கள் தெருவில் ஓடுகிறது. தெருவில் பாதி வீடுகளில் குழித்தறி. முகூர்த்த நாளில் ஆயிரம் பேர் கை கழுவினால், நெய்கிறவர்கள் கால் வைக்கும் குழிக்குள் அது ஊறி வரும். எவர் வீட்டுக் கல்யாணத்துக்கோ பட்டு நெய்கிறவள், எவர் வீட்டுக் கல்யாணத்திலோ மிஞ்சிய ரசத்தில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சார் ரிட்டயர் ஆகியிருந்த சமயத்தில் மாநகராட்சித் தேர்தல் வந்தது. இப்போதைய கவுன்சிலரின் மொத்தச் செலவையும் மண்டபத்துக்காரர் ஏற்றுக்கொண்டார். தர்ம சிந்தனை!

அப்போதுதான் சார் அந்தப் பேச்சை எடுத்தார். “நம்ம ஊர் உற்சவத்துல மண்டகப்படி பார்க்கறோம் இல்ல? எவன் உபயமோ அவன் வாசல்ல சாமி நிக்குது. சாமியே நின்னுட்டுப் போவுது, கவுன்சிலரு எம்மாத்திரம்மா?” என்றார். ஆகவே, வேட்பாளர் செலவை மாநகராட்சியே கொடுக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே தொகை. ஆனால் சும்மா கொடுக்கக் கூடாது. வார்டுக்குள் குறைந்தது இத்தனை வீட்டுக்காரர்கள் என்று கணக்கு வைத்து, அவர்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுத்து ‘இவர் நிற்கலாம்’ என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் எவரிடமும் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. இதுதான் அவர் கேட்ட சட்டம். சட்டம் வரும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், அது வந்துவிட்டது மாதிரியே நடந்துகொண்டு சுயேச்சையாக நின்றார்.

ஆரத்தி எடுத்த கதையை நீங்கள் எல்லோரும் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். வேட்பாளர் தெருவுக்கு வந்தால் பெண்கள் ஆரத்தி சுற்றுவதும், அவர் தட்டில் நோட்டுப் போடுவதும் இங்கே வழக்கம். அது லஞ்சம் இல்லையாம், மங்கலமாம். சார் வந்தபோதும் கன்னியம்மா தலைமையில் பெண்கள் தட்டோடு நின்றார்கள். கன்னியம்மா சேலை நெய்கிறவள், அவள் தறிக்குழியில்தான் முதலில் தண்ணீர் ஏறும். சுற்றி முடித்துத் தட்டை நீட்டினாள். சார் அந்தத் தட்டை அவள் கையிலிருந்து வாங்கி, அவள் பக்கமே திருப்பி நீட்டினார்.

“நான் போடக் கூடாதும்மா. நீங்கதான் போடணும். ஆளுக்குப் பத்து ரூபா.”

“ஓட்டும் போட்டு, துட்டும் போடணுமா? நல்லா இருக்குதுய்யா உன் நாயம்!” என்று கத்திவிட்டு, கன்னியம்மா தட்டைப் பிடுங்கி ஆரத்தித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள். சாருக்கு நியாயம் தெரிந்த அளவுக்கு நேரங்காலம் தெரியாது. மங்கலத் தட்டைத் திருப்பிப் பிடித்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு சுருங்காது?

டெபாசிட் போனது. அவர் கொடுத்த செலவுக் கணக்கில் டீயும் நோட்டீசும் மட்டும் இருந்தன. வென்றவர் கொடுத்த கணக்கைப் படித்தால் நடந்தே வந்து, பட்டினி கிடந்து ஓட்டுக் கேட்ட மகான் என்று தோன்றும். பிரியாணி வாசனை போவதற்குள் எழுதிய கணக்கு! அப்புறம் நடந்த வார்டுக் கூட்டத்தில் சார் எழுந்து தன் சட்டத்தைப் பற்றிப் பேசினார். கவுன்சிலர் சிரித்தார். “இன்னா சார், ஜனங்க வரிப்பணத்துல எலெக்‌ஷனா? வேஸ்ட் இல்லையா அது?”

“வேஸ்ட்டுதாம்பா. இப்ப சிக்கனமா நடத்துனதாலதான் அந்தம்மா கால் குழில அழுகுது” என்று சார் கன்னியம்மாவைக் காட்டினார். அன்றைக்கு நம்மில் ஒருவராவது கைதட்டினோமா? கவுன்சிலர் கொடுத்த ஜூஸ் பாட்டிலைப் பத்திரமாக மடியில் வைத்திருந்தோம். கன்னியம்மா மட்டும் தன் பாட்டிலைத் திறக்காமல் நாற்காலியிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

இப்போது அவர் இறந்த நாலாம் நாள் கவுன்சிலர் என் வீட்டுக்கு வந்தார். “படத்திறப்பு நம்ம மண்டபத்துலயே வச்சுக்கலாம் மேடம். ஏசி ஹால். அண்ணன் ஃப்ரீயா தர்றேன்னு சொல்லிட்டாரு. வாசல்ல அண்ணன் படம் ஒண்ணு, என் படம் ஒண்ணு, அவ்ளோதான்.” உயிரோடு இருந்தவரை வாங்க முடியவில்லை, படமாகவாவது வாங்கிவிடலாம் என்று பார்க்கிறார்கள்! அப்போது என்னோடு இருந்த சாரின் மகள் என் முகத்தைப் பார்த்தாள். வெளியூர்ப் பெண் ஆகிவிட்டவள், செலவுக்கு என்ன செய்வது என்ற கவலை அவளுக்கு. அந்த மண்டபத்தில் அவர் படம் ஏறினால், அவர் நின்றதெல்லாம் வீண். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் இருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது.

“தெருவுலயே வைங்க. நான் பாத்துக்கறேன்.”

நேற்று தெருவில் சாமியானா போட்டோம். கன்னியம்மா வாசலில் அதே பித்தளைத் தட்டோடு நின்றாள். மஞ்சள் தண்ணீர் இல்லை, கற்பூரம் இல்லை, வெறும் தட்டு. வந்தவர்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டார்கள். கவுன்சிலரும் வந்தார். கேமராக்காரரைப் பார்த்துக்கொண்டே ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றைப் போட்டார். கன்னியம்மா அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பத்துப் பத்தாகப் பொறுக்கி அவர் கையில் மீதியைத் திணித்தாள். “எண்ணிக்கோப்பா. சாரு பத்து ரூபாய்க்கு மேல வாங்க மாட்டாரு.” கை கொள்ளாத நோட்டுகளோடு அவர் நின்ற நிலையை அந்தக் கேமரா படம் எடுத்ததா தெரியவில்லை. எடுத்திருந்தால் அதை ஃப்ளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டுவேன்.

சாக்கடை இன்னும் ஓடுகிறது. சார் கேட்ட சட்டம் வரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. அவரிடமிருந்து பொறுமையை, அன்பைப் பெற்றுக்கொண்டவர்கள் இருந்தால் சந்தோஷம். எனக்கு அவர் விட்டுப்போனது மரியாதைக் குறைவு ஒன்றைத்தான். அதை விடாமல் வைத்துக்கொள்ளப் போகிறேன். நேற்று கவுன்சிலர் முன்வரிசைக்கு வந்தபோது பழக்க தோஷத்தில் நாலைந்து பேர் எழுந்தார்கள். நான் எழவில்லை. முழங்கால் வலி என்று அவர் நினைத்துக்கொள்ளப் போகிறாரே என்று தோன்றியது. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.