கீழ்வீட்டுப் பூசணி

சுவிஸில, லோசானில எங்கடை கட்டிடத்துக்குப் பின்னால, குசினிக் கழிவை உக்க வைச்சு உரமாக்க எல்லாருக்கும் பொதுவா ஒரு கொம்போஸ்ட் பெட்டி இருக்குது. அதுக்குப் பொறுப்பு கீழ்வீட்டு மதாம். ஒருத்தரும் குடுத்த பொறுப்பில்லை, அவவே எடுத்துக்கொண்டது.

போன மாரி முழுக்க என்ரை வீட்டுக் கழிவிலதான் அவவுக்குக் கண். வெங்காயத்தோல் கூடிப்போச்சாம். தேங்காய்ச் சிரட்டை எண்டைக்கும் உக்காதாம். அதைப் பெட்டிக்குள்ள இருந்து பொறுக்கி எடுத்து, என்ரை கதவடியில கொண்டுவந்து அடுக்கி வைப்பா. வேலை முடிஞ்சு களைச்சு விழுந்து வாற எனக்கு முதலில தெரியிறது அந்தச் சிரட்டைதான். பூசணிக்காய் வெட்டின குடலையும் விதையையும் கொண்டுபோய்க் கொட்டினால், "இதென்ன சாமான்?" எண்டு மூக்கைச் சுளிப்பா. அந்தப் பெட்டிக்குள்ள பூசணி விதை போட்டது நான் ஒருத்திதான்.

பனி போனதும் அந்த உரத்தை அள்ளித் தன்ரை பாத்தியில போட்டா. வைகாசியில கொடி கிளம்பிச்சுது. ஆவணியில வேலி முழுக்கப் பூசணிக்காய். நடாமலே முளைச்சதாம், தன்ரை மண் அப்பிடியாம். படியில ஏறி இறங்கிற எல்லாருக்கும் இதே கதைதான்.

போன கிழமை கதவைத் தட்டி எனக்கும் ஒரு துண்டு தந்தா. உள்ளுக்கு ஒரு விதை இல்லை, எல்லாத்தையும் வழிச்சு எடுத்திருந்தா.

"அடுத்த வருஷம் நட எடுத்து வைச்சிருக்கிறன். நீங்களும் ஏதாவது நட்டுப் பழகலாமே" எண்டா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மெர்சி எண்டு நன்றி சொல்லி வாங்கி, ஒரு தேங்காய் உடைச்சுப் பால் பிழிஞ்சு விட்டுக் கறி வைச்சன்.

சிரட்டை ரெண்டையும், அவ அடுக்கிற மாதிரியே வடிவா அடுக்கி, அவவின்ரை கதவடியில வைச்சிட்டு வந்தன்.