டீச்சர் நோட்டில் விட்டுப்போன கட்டம்

இன்பமணி டீச்சருக்குக் காது மந்தம்னு யாராவது சொன்னா, சொன்னவங்க டீச்சர்கிட்ட படிக்கலன்னு அர்த்தம். முப்பத்துநாலு வருசம் தூத்துக்குடியில பெண்கள் பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் எடுத்தவங்க. போர்டுல எழுதிக்கிட்டே, திரும்பிக்கூடப் பாக்காம, "கடைசி பெஞ்சுல கடலைமிட்டாய் கவரைப் பிரிக்கது யாரு?"ன்னு கேப்பாங்க. அப்படிப்பட்ட காதைச் சந்தேகப்பட்டா கோவம் வருமா வராதா? அதுவும் சந்தேகப்பட்டது பெத்த மகன்!

எல்லாம் அந்தக் காரால வந்தது. டீச்சரோட வீட்டுக்காரர் ஞானையா சார், துறைமுக ஆபீஸ்ல ரிட்டயர் ஆன கையோட வாங்கின ஹைபிரிட் கார். மெதுவாப் போனா பேட்டரி, வேகமா மிதிச்சா பெட்ரோல் எஞ்சின். பேட்டரியில ஓடுறப்ப வண்டி மூச்சு விடாது. சாருக்கு அதுல அப்படி ஒரு பெருமை. ஓட்டிக்கிட்டே, "இன்பா, ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"ம்பாரு. பக்கத்து சீட்டுல பெல்ட்டைப் போட்டு உக்காந்திருக்கிற டீச்சர், "ஒண்ணும் கேக்கல. நீங்க ரோட்டைப் பாருங்க"ம்பாங்க. ரெண்டு வருசம் இதே கேள்வி, இதே பதில். பொறவு ஒரு ஞாயித்துக்கிழமை, சர்ச்சுக்குக் கிளம்பி சட்டைப் பொத்தானைப் போட்டவரு அப்படியே கட்டில்ல சாஞ்சாரு. அவ்வளவுதான். சொந்த ஊரான நாசரேத்துல கொண்டு அடக்கம் பண்ணியாச்சு.

வண்டியை வித்துருங்கன்னு ஊரே சொல்லிச்சு. டீச்சர் என்ன பண்ணாங்க தெரியுமா? அறுபத்தொரு வயசுல டிரைவிங் ஸ்கூல்ல போய்ச் சேந்தாங்க. பின்ன என்ன செய்ய? வீட்டுல பேச ஆளில்ல. டிவியைப் பாத்துப் பேசிப் பாத்தாங்க, அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கே ஒழிய, திருப்பிப் பேச மாட்டேங்குது. வண்டி இருந்தா புதன்கிழமை தோறும் ஆழ்வார்திருநகரி வழியா நாசரேத்துக்குப் போய் கல்லறையில பூ வச்சுட்டு வரலாம். மத்த நாள்ல பீச் ரோட்டுப் பக்கம் ஒரு சுத்து போய்க் கப்பலைப் பாத்துட்டு வரலாம். அதுவும் இல்லன்னா நாலு சுவருதான்.

லைசென்ஸ் வாங்கி, தனியா வண்டி எடுத்த மொத நாளே அந்தச் சத்தம் வந்துட்டு. டொக். கொஞ்சம் விட்டு, டொக் டொக். எஞ்சின் ஓடினா கேக்காது, பேட்டரியில போறப்ப மட்டும் கேக்கும். பின்பக்கமிருந்து வார மாதிரி இருந்துச்சு. பின் சீட்டுக்கு அடியிலதான் அந்தப் பெரிய பேட்டரி இருக்கு. பேட்டரிக்கு ஏதும் ஆயிட்டோன்னு டீச்சர் பயந்துட்டாங்க.

ஆனா பிசிக்ஸ் டீச்சர்லா, சும்மா விடுவாங்களா? ஒரு நோட்டு எடுத்துக் கட்டம் போட்டாங்க. தேதி, வேகம், ரோடு நல்ல ரோடா குழியா, ஏசி இருந்துச்சா இல்லையா, பேட்டரியா எஞ்சினா. டிக்கியைக் காலி பண்ணாங்க. ஜாக்கியைப் பழைய சேலையில சுத்தி வச்சாங்க. சார் வச்சிருந்த குட்டி பைபிளைக்கூட எடுத்து வீட்டுல வச்சுப் பாத்தாங்க. டொக் டொக் மட்டும் போகல.

சர்வீஸ் சென்டர்ல ரெனிஷ்னு ஒரு மெக்கானிக். தங்கமான ஆளு. "எங்க அக்கா உங்ககிட்டதான் டீச்சர் படிச்சா"ன்னு நாற்காலி எடுத்துப் போட்டான். லேப்டாப்பை மாட்டிப் பாத்தான், ஒரு கோளாறும் காட்டல. டீச்சரைப் பக்கத்துல உக்கார வச்சுத் துறைமுகம் வரைக்கும் ஓட்டிப் பாத்தான். சத்தம் இல்ல. டீச்சர் ஓட்ட, அவன் பக்கத்துல உக்காந்து காதைத் தீட்டிக்கிட்டு வந்தான். அப்பவும் இல்ல.

"சத்தம் பின்னாலதான்ப்பா வருது. நீ பின்னால உக்காந்து கேளேன்."

"ஐயையோ! டீச்சர் வண்டி ஓட்ட, நான் முதலாளி கணக்கா பின்னால உக்காரவா? அக்காவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவா."

"அப்ப நீ ஓட்டு, நான் பின்னால உக்காருதேன்"னு சொல்லிக் கதவைத் தொறந்த டீச்சருக்கும் மனசு கேக்கல. தன்கிட்ட படிச்ச பிள்ளையோட தம்பியை டிரைவர் மாதிரி நடத்தலாமா? கதவை மூடிட்டு முன்னால வந்து உக்காந்துக்கிட்டாங்க. இப்படியே மூணு தடவை. டாக்டரைக் கண்டதும் பறந்துபோற காய்ச்சல் மாதிரி, ஆள் ஏறினதும் சத்தம் ஓடி ஒளிஞ்சுக்கிடுது.

பெங்களூர்ல இருக்கிற மகன் ஜெர்சன் ரெனிஷுக்கு போன் போட்டுக் கேட்டிருக்கான். "வண்டியில ஒண்ணும் இல்ல சார், டீச்சருக்கு வயசாயிட்டுல்லா"ன்னு அவன் இழுத்திருக்கான். போச்சு! "அம்மா, ஒண்ணு பேட்டரியில கோளாறு, இல்ல உங்க காதுல கோளாறு. ரெண்டுல எதுன்னாலும் நீங்க தனியா ஓட்டக்கூடாது. சனிக்கிழமை வண்டியைப் பாக்க ஆள் வருது. வித்துட்டு இங்க வந்துருங்க"ன்னுட்டான் மகன். அங்க பதினோராவது மாடி. பகல் பூரா அவனும் மருமகளும் ஆபீஸ்ல. சுவரு மட்டும் மாறும், வேற என்ன?

ஒண்ணு சொல்லணும். சத்தம் வாரதுக்கு முந்தி ஜெர்சன் ஞாயித்துக்கிழமை ஒரு போன் போடுவான், சர்ச்சுக்குப் போனீங்களா, மாத்திரை போட்டீங்களா, அதோட சரி. சத்தம் வந்த பொறவு தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, "இன்னைக்குக் கேட்டுச்சாம்மா?"ன்னு கூப்பிட ஆரம்பிச்சான். டீச்சர் நோட்டைப் பாத்து விவரம் சொல்ல, அவன் இன்டர்நெட்ல தேடினதைச் சொல்ல, கால் மணி நேரம் போயிரும். ஆறரைக்கே டீச்சர் போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருவாங்க.

வியாழக்கிழமை மத்தியானம். ஆள் வார சனிக்கிழமைக்கு ரெண்டு நாள்தான் பாக்கி. பீச் ரோட்டுல, வெயில்ல, தெருவுக்கு மீன் கொண்டுவார மரியசெல்வி காலிக் கூடையோட நிக்கா.

"ஏளா, இங்கன என்ன நிக்க? ஏறு, திரேஸ்புரத்துல விடுதேன்."

"ஆட்டோக்காரன் கூடையைப் பாத்துட்டு நிறுத்தாமப் போறான் டீச்சரம்மா" என்றவ, முன்கதவைத் தொறந்துவிட்ட டீச்சரைக் கையமத்தினா. "முன்னால வேண்டாம். மீன் வாடை உங்க மேல அடிக்கும். நான் பின்னாலயே உக்காந்துக்கிடுதேன்." கூடையை மடியில வச்சுக்கிட்டுப் பின் சீட்டுல ஏறிட்டா.

வண்டி மெதுவா, பேட்டரியில நகந்துச்சு. ஒரு குழி. டொக். ஆள் இருக்கப்பவே வருதே!

"ஏளா, உனக்குக் கேக்குதா?"

"எது, இந்த பெல்ட்டா?"

"எந்த பெல்ட்டு?"

"இந்தா, முன்சீட்டு பெல்ட்டு. சும்மா தொங்குதுல்லா, அதோட இரும்பு நாக்கு கதவோரத்துப் பிளாஸ்டிக்குல போய் முட்டுது. எங்க படகுல வலையோட ஈயக்குண்டு முட்டுத மாதிரியே இருக்கு." எட்டி அந்தப் பட்டையைப் பிடிச்சா. சத்தம் நின்னுபோச்சு.

"விடு."

டொக்.

"பிடி."

ஒண்ணுமில்ல.

டீச்சர் வண்டியை ஓரங்கட்டிட்டு வாய்விட்டுச் சிரிச்சாங்க. ரெனிஷ் உக்காந்தான், பெல்ட்டைப் போட்டான். தான் உக்காந்தப்பவும் போட்டாச்சு. பின்ன எங்கேருந்து சத்தம் வரும்? அத்தனை கட்டம் போட்ட நோட்டுல, வண்டியில எத்தனை பேருன்னு ஒரு கட்டம் போடல. தனியாளுக்கு அந்தக் கட்டம் வேணும்னு தோணாமலே போச்சு. ரெண்டு வருசம் சார் ஓட்டினப்ப சத்தமே இல்லன்னா, அந்த பெல்ட்டுக்குள்ள இவங்கதான இருந்தாங்க! அந்த சீட்டை விட்டு இந்த சீட்டுக்கு மாறின அன்னைக்குத்தான் சத்தம் பிறந்திருக்கு. சிரிப்பு எந்த இடத்துல அழுகையாச்சுன்னு டீச்சருக்கே தெரியல.

மரியசெல்வி பதறிட்டா. "மாதாவே! இதுக்குப் போயா? ஆள் இல்லாதப்ப இப்படி மாட்டி விட்டுருங்க, அம்புட்டுத்தான்." எட்டி, காலி சீட்டுக்குக் குறுக்க பெல்ட்டை இழுத்து மாட்டினா. திரேஸ்புரம் வரைக்கும் வண்டி கம்முன்னு போச்சு.

ஏழு மணிக்குப் போன் வந்துச்சு. "கேட்டுச்சாம்மா?"

டீச்சர் நோட்டை மூடி வச்சாங்க. கேட்டுச்சுன்னா வண்டி போயிரும். கேக்கலன்னா இந்தப் போன் போயிரும். அது அவங்களுக்கு நல்லாவே தெரியும். ஆனா தப்பான விடையைச் சரின்னு போட அந்தக் கைக்குப் பழக்கமில்ல. உள்ளதைச் சொன்னாங்க.

ஜெர்சன் விழுந்து விழுந்து சிரிச்சான். "சாரிம்மா, உங்க காதைப் போய்ச் சொல்லிட்டேனே! சனிக்கிழமை ஆள் வரவேண்டாம்னு சொல்லிருதேன். வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். இனி கவலை இல்ல. வைக்கட்டுமா?"

ரெண்டு நிமிசம்கூட ஆகல.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் போன் அடிக்கல. சனிக்கிழமையும் அடிக்கல. ஞாயித்துக்கிழமை அடிச்சுது, சர்ச்சு, மாத்திரை, அதோட சரி. அவனைக் குத்தம் சொல்லவும் வழியில்ல. சத்தத்துக்காகக் கூப்பிட்டான், சத்தம் நின்னுட்டு.

புதன்கிழமை காலையில டீச்சர் பூவை வாங்கிக்கிட்டு நாசரேத்துக்குக் கிளம்பினாங்க. காலி சீட்டுல பெல்ட்டு மாட்டியிருந்துச்சு. வண்டிக்குள்ள அப்படி ஒரு அமைதி. ஆழ்வார்திருநகரி வார வரைக்கும் டீச்சர் ஓரக்கண்ணால அந்த பெல்ட்டையே பாத்துக்கிட்டு வந்தாங்க. வகுப்புக்கு வராதவளுக்குப் பதிலா பக்கத்துல இருக்கவ குரலை மாத்தி "உள்ளேன் டீச்சர்"னு சொல்லுவாளே, அந்தத் திருட்டுத்தனம் மாதிரி இருந்துச்சு. முப்பத்துநாலு வருசத்துல ஒருத்தியையும் அப்படித் தப்பிக்க விட்டதில்ல.

ஓரமா நிறுத்தி, பெல்ட்டோட சிவப்புப் பொத்தானை அமுக்கினாங்க. அது விருட்டுன்னு பழைய இடத்துக்குப் போய்த் தொங்கிச்சு. "வரலன்னா வரலன்னே இருக்கட்டும்"னு சொல்லிட்டு வண்டியை எடுத்தாங்க.

கொஞ்ச தூரத்துல ஒரு பள்ளம். டொக்.

"கேக்குதுங்க"ன்னாங்க டீச்சர்.