அழும் காட்சி

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க இன்றைக்கும் கூச்சம். ஆனால் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகன் மூச்சுவிடாமல் பேசும் வசனங்களைத் தேயிலை மலையில் தனியாக நின்று பேசிப் பார்ப்பேன். முப்பது வயதில் நானே ஒரு படம் எடுத்தேன். மகனும் நான், பஞ்சு மீசை வைத்த அப்பாவும் நான். மாத்தளையில் கல்யாண வீடியோ எடுக்கும், நானா என்று நான் கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், வேலையில்லாத நாட்களில் கமெராவோடு வந்தார். அவர் முன்னால் மட்டும் எனக்குக் கூச்சம் வராது.

அப்பா இறந்து மகன் அழும் காட்சிக்கு, அந்தப் படங்களில் வருவதுபோலப் பின்னால் பெரிய அரண்மனைத் தூண் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பக்கத்து ரிவர்ஸ்டன் மலையில் உயரமாக நின்றது தொலைக்காட்சிக் கோபுரம்தான். அடியிலிருந்து உச்சிவரை மெதுவாக எடுக்கச் சொன்னேன். யுத்த காலத்தில் அதை எடுக்கலாமா என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

சில வாரங்களில் நானாவின் கடையைச் சோதித்த பொலிஸார் கசெட்டுகளை அள்ளிப் போனார்கள். மறுநாள் எங்களைக் கூப்பிட்டு, கோபுரத்தை யாருக்காக எடுத்தாய் என்று சார்ஜன்ட் சிங்களத்தில் என்னைக் கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், நாக்குத்தான் எழவில்லை. இது சினிமா, இவர்தான் நடிகர் என்றார் நானா. அப்படியென்றால் நடித்துக் காட்டட்டும் என்றார் சார்ஜன்ட்.

"வெட்கப்படாதீங்க தம்பி," என்றார் நானா மெதுவாக. "இன்னைக்கு நடிக்காட்டி நாம ரெண்டு பேரும் வீடு போக மாட்டோம்."

மேசைக்கு முன்னால் முழங்காலில் விழுந்து, செத்த அப்பாவிடம் பேசினேன். ஒரு வரி விடவில்லை. கண்ணீரும் வந்தது. அவர்கள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். பக்கத்து அறையில் இருந்தவர்களையும் கூப்பிட்டு, இன்னொரு முறை செய்யச் சொன்னார்கள். செய்தேன். இவனாவது குண்டு வைப்பதாவது என்று அனுப்பிவிட்டார்கள்.

கசெட்டைத் தரவில்லை. வேறு பிரதியும் கிடையாது. மூன்று முறை போய்க் கேட்டேன். மூன்றாம் முறை, அதன்மேல் கிரிக்கெட் போட்டியைப் பதிந்துவிட்டோம் என்றார்கள்.

பிறகு அந்த சார்ஜன்ட், நான் பஸ்ஸில் போகும் வழியிலிருந்த சோதனைச் சாவடிக்கு மாற்றலாகி வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நாங்கள் வரிசையில் நிற்கும்போது என்னைக் கண்டுபிடித்து, "நளுவா" என்று கூப்பிடுவார். சிங்களத்தில் நடிகன். அழச் சொல்வார். அழுதால் பையைச் சோதிக்காமல் விடுவார். முதலில் முழு வசனமும் பேசினேன். பிறகு நாலு வரியாகக் குறைத்துக்கொண்டேன். சார்ஜன்டுக்குத் தமிழ் தெரியாது. வரிசையில் நின்ற எங்கள் ஆட்களுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவர்களும் சிரித்தார்கள்.