லொட்டேக்கு ஒரு குழையல்

காலையில் வேலைக்குப் போனால் பிர்கிட் என்னிடம் கேட்பது "நா?" என்ற ஓரெழுத்துத்தான். சுகமா, வீட்டில் எல்லோரும் நலமா, முதுகுவலி எப்படி, எல்லாம் அதற்குள் அடக்கம். நானும் "நா?" என்று திருப்பிக் கேட்டால் விசாரிப்பு முடிந்தது. அதே பிர்கிட் கம்பிவலைக்கு முன்னால் போய் நின்றால் பேச்சு ஓயாது. இரவு நித்திரை வந்ததா, யாரோடு சண்டை, காதில் என்ன கீறல் என்று ஒவ்வொரு சிம்பன்சியிடமும் தனித்தனியாகக் கேட்பார். ஜேர்மன்காரர் பேச்சில் சிக்கனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் ஆள் பார்த்துப் பேசுகிறவர்கள்.

சர்க்கஸ், வீட்டு வளர்ப்பு என்று மனிதரோடு கிடந்து, பிறகு யாருக்கும் வேண்டாமல் போன சிம்பன்சிகளைப் பராமரிக்கும் காப்பகம் இது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக வர வேண்டும். பிர்கிட் பொறுப்பாளர். நான் மரக்கறி வெட்டி, வைக்கோல் மாற்றி, தரை கழுவுகிறவன். முதல் நாள் நான் 'ஆஃபெ', அதாவது குரங்கு என்று சொல்லப்போக, 'மென்ஷன்ஆஃபெ' என்று திருத்தினார். மனிதக் குரங்கு. தமிழிலும் அப்படியே சொல்வோம் என்றதும், அந்தச் சொல்லை நானே உண்டாக்கினதுபோல என்மேல் அவருக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது.

பனி கொட்டிய கிழமையில் கிழட்டுச் சிம்பன்சி காஸ்பர் செத்துப்போனான். கிழவி லொட்டேயோடு சர்க்கஸில் ஒரே கூண்டில் இருந்தவன், இங்கேயும் அவளோடு ஒரே மரப் பரணில் படுத்தவன். லொட்டே மற்றவர்களோடு ஒட்டுவதில்லை. அவன் போனபின் அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. திராட்சை, அவித்த முட்டை, தேன் தடவிய பாண், ஒன்றும் எடுபடவில்லை. நீட்டினால் மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நோய் ஒன்றுமில்லை, ஆனால் இந்த வயதில் இப்படியே போனால் தாங்கமாட்டாள் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டுப் போனார். அன்று பிர்கிட் என்னிடம் அந்த ஓரெழுத்தைக்கூடக் கேட்கவில்லை.

எனக்கு ஹைம் ஞாபகம் வந்தது. ஹைம் என்றால் அகதிகள் விடுதி. ஓர் அறையில் ஐந்து பேர். எங்களில் ரவிக்கு, ஊரில் தம்பி செத்த செய்தி வந்தது. போக ஏலாது, விசா இல்லை. சுவரைப் பார்த்தபடி கிடந்தான். தட்டில் போட்டுக் கொடுத்த சோறு தட்டிலேயே காய்ந்தது. சாப்பிடு என்று சொல்லச் சொல்ல இன்னும் சுருண்டான். எங்களில் மூத்தவர் சிவம் அண்ணை. அவர் பானையைத் தூக்கி வந்து அறை நடுவில் வைத்து, மிஞ்சின பருப்பையும் கத்தரிக்காயையும் சோற்றோடு பிசைந்தார். எங்கள் ஊரில் அதைக் குழையல் என்போம்.

"எல்லாரும் கையை நீட்டுங்கோ பாப்பம். ஒருத்தருக்கும் தனிக் கவனிப்பு இல்லை," என்றார்.

நீட்டிய கைகளில் ஒவ்வோர் உருண்டையாக வைத்துக்கொண்டே போனார். ரவியின் கையும் நீண்டது. தட்டில் தனியாக வைத்தால் மறுக்கலாம். குழையல் வட்டத்தைச் சுற்றி வருவது. வரும்போது கை தானாகவே நீளும்.

இதை பிர்கிட்டுக்கு என் ஜேர்மனில் விளக்கினேன். "க்னோடலா?" என்று கேட்டார். அது இங்கத்தைய உருளைக்கிழங்கு உருண்டை. இல்லை, இது கையால் குழைத்துக் கையில் கொடுப்பது என்றேன். ஓர் உருண்டை எத்தனை கிராம் என்றார். கையளவு என்றேன். யாருடைய கை என்றார். நாங்களும் கூட இருந்து சாப்பிட வேண்டும் என்றபோது கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு போய் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார்.

அவித்த வற்றாளங்கிழங்கு, வாழைப்பழம், ஊறிய ஓட்ஸ். உப்பில்லை, உறைப்பில்லை. இருவரும் புதுக் கையுறை போட்டோம். நான் குழைத்தேன். நான் தரையில் சம்மணமிட, முழங்கால் மடங்காத பிர்கிட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். முதல் உருண்டை அவருக்கு. மென்றுவிட்டு, "உப்புக் காணாது," என்றார். அடுத்தது எனக்கு. லொட்டே எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வலையின் துவாரத்தால் கை வந்தது.

"இந்தா பிள்ளை," என்று வைத்தேன்.

அவள் சாப்பிடவில்லை. உருண்டையைக் கொண்டுபோய், பரணில் காஸ்பர் படுக்கும் மூலையில், வைக்கோலின்மேல் வைத்தாள். பிர்கிட் பெருமூச்சு விட்டார். என்ன நினைத்து வைத்தாளோ, எனக்குத் தெரியாது. ஆனால் திரும்பி வந்து மறுபடியும் கையை நீட்டினாள். இந்த முறை வாயில் போட்டாள். மென்று, கீழுதட்டை முன்னே நீட்டி அதில் கிடந்ததைக் குனிந்து பார்த்து, பிறகு விழுங்கினாள். தொண்டைக்குள் ஒரு சின்ன முனகல். பிர்கிட் கையுறையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டார். சட்டை முழுக்கக் கிழங்கு.

மறுநாள் லொட்டே தானாகவே முட்டை கேட்டாள். பரணைக் கூட்டும்போது அந்த உருண்டை காய்ந்து கிடந்தது. மிச்சம் குப்பைக்குப் போவதுதான் ஒழுங்கு. என் கை போகவில்லை. எங்கள் ஆட்கள் செத்தவருக்குப் படைத்ததைக் காகத்துக்கு வைப்பார்கள் என்று சொன்னேன். தான் இந்த ஒரு தரம் எதையும் பார்க்கவில்லை என்றார் பிர்கிட். பார்க்காதவர் கூடவே வெளியில் வந்தார்.

மதிலில் பனியைத் தட்டிவிட்டு வைத்தேன். மரத்தில் ஒரு காகம் இருந்தது. கழுத்து தடித்த, பெரிய காகம். "கா, கா" என்று கூப்பிட்டேன். அசையவில்லை. பிர்கிட் தொண்டையைச் செருமி, "க்ரா, க்ரா" என்றார். இங்கே காகம் அப்படித்தான் கத்துமாம். அதற்கும் அசையவில்லை. ஆளுக்கொரு பாஷையில் கூப்பிட்டபடி நாங்கள் குளிரில் நின்றோம். எந்தக் குரலுக்கு இறங்கியதோ தெரியாது, காகம் இறங்கியது.