அட்டைப்படத்துக்கு ஒரு வான்கோழி

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து மலைச்சரிவில் இருக்கும் எங்கள் ஊரில் ஹார்லன் கிட்ரெட்ஜைத் தெரியாத மனிதர் இல்லை. அவரைக் கண்டு ஓடாத வான்கோழியும் இல்லை. பல வருஷம் துப்பாக்கியோடு காட்டு வான்கோழிகளைத் துரத்தியவர், முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு கேமராவுக்கு மாறினார். ஜீவகாருண்யம் ஒன்றும் பிறந்துவிடவில்லை. சுட்ட பறவையை ஒரு தடவைதான் தின்ன முடியும், படம் பிடித்த பறவையைப் பற்றி ஆயுசுக்கும் பேசலாம் என்பது அவர் கட்சி.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. மார்ச் மாத ஊர்க்கூட்டத்துக்கு முன்னால் வீடு வீடாக வரும் ஊர் ஆண்டறிக்கையின் அட்டையில் தன் படம் இருக்கவேண்டும். உள்ளே இருக்கும் சாலைச் செலவை எவரும் படிப்பதில்லை. அட்டையை மட்டும் வருஷம் பூராவும் பார்ப்பார்கள். அது காபிக் கோப்பைக்கு அடியில் கிடக்கும்.

அவர் கொடுத்த படங்களையெல்லாம் ஊர் எழுத்தர் மேவிஸ் திருப்பிக் கொடுத்துவந்தார். எல்லாவற்றிலும் வான்கோழி இருந்தது, போய்க்கொண்டிருந்தது.

"முகம் தெரியிற மாதிரி ஒண்ணு கொண்டாங்க ஹார்லன். முதுகு பாத்தது போதும்" என்றார் மேவிஸ்.

அந்த மே மாதம் பெரிய வான்கோழிச் சேவல் ஒன்று ஹார்லன் வீட்டுப் பக்கம் நடமாடியது. ஹார்லன் தன் நிலத்தில் வேட்டை கூடாது என்று பலகை அடித்தார். இலைகள் தைத்த உடுப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் மேய்ச்சல் நிலத்தின் கற்சுவரோரம் விடியலில் உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மச்சான் ரோலண்டின் நிலம். ரோலண்ட் இன்னும் துப்பாக்கிக் கட்சிதான். வேட்டைக்காலம் முடிவதற்குள் அதே சேவலை அடுப்பில் ஏற்றிவிடுவதாகக் கடையில் சொல்லிவைத்திருந்தார்.

வான்கோழி தேடுகிறவர்களிடம் ஒரு மரப்பெட்டி உண்டு. அதன் மூடியைத் தேய்த்தால் பெட்டை வான்கோழி கூப்பிடுவதுபோலக் கேட்கும். ஹார்லன் தேய்த்தார். சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெட்டை பதில் சொன்னது. பெட்டை இருக்கும் இடத்துக்குச் சேவல் வராமலா போகும்? இன்னும் குழைவாகத் தேய்த்தார். அதுவும் குழைந்தது. இப்படியே நாட்கள் போயின. சேவல்தான் வரவில்லை.

"என்ன குரல் தெரியுமா? கொஞ்சம் தொண்டை கட்டின மாதிரி இருக்கு, ஆனா ரொம்பப் பாசமா பேசுது" என்று மனைவி வெர்னாவிடம் சொன்னார்.

உங்கள் சேவல் தினமும் வாசலில் நின்று நம் பிக்கப் வண்டியைக் கொத்துகிறது என்றாள் வெர்னா. ஹார்லன் சிரித்தார். விவரமுள்ள சேவல் வாசல் பக்கம் வராது. அவருடைய அனுபவம் அப்படி.

பாத்திரம் திருப்பித்தர வந்த ரோலண்டும் தங்கை வெர்னாவிடம் ஒரு பெட்டையின் குரலை மெச்சிவிட்டுப் போனார். வெர்னா இருவரிடமும் எதுவும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் ஒருவரோடொருவர் இவ்வளவு அன்பாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

வேட்டைக்காலத்தின் கடைசிக் காலையில் பொறுமை இரண்டு பக்கமும் தீர்ந்தது. பெட்டையைத் தேடி இருவரும் தவழ்ந்தார்கள். சுவரின் மேல் இரண்டு இலைத்தலைகள் எழுந்தன.

"நீதானா மச்சான்?"

"நான்தான்."

"நேத்து அந்தக் கொஞ்சல்?"

"வாய மூடு."

அப்போது வாசலில் சேவல் கொக்கரித்தது. இருவரும் ஓடினார்கள். பிக்கப்பின் கதவில் தெரிந்த தன் பிம்பத்தோடு சண்டைக்கு நின்றது சேவல், தோகை முழுக்க விரிந்து. ரோலண்ட் துப்பாக்கியைத் தூக்கவில்லை. சேவலுக்குப் பின்னால் வண்டி, வண்டிக்குப் பின்னால் சமையலறை, அங்கே தங்கை. ஹார்லன் புது முழங்காலில் மண்டியிட்டு ஒரே ஒரு படம் எடுத்தார்.

அதுவும் முதுகுதான். ஆனால் பளபளத்த கதவில் சேவலின் முகம் துல்லியமாக விழுந்திருந்தது. அதன் இரு பக்கமும் வாய் பிளந்த இரண்டு புதர்களும்.

மேவிஸ் பார்த்த மாத்திரத்தில் அதை எடுத்துக்கொண்டார். அடுத்த மார்ச்சில் கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவர் கையிலும் ஹார்லனின் அட்டை இருந்தது. வெர்னா அதற்குள் அந்தப் பெட்டைக் கதையை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள். சேவலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"இந்த ரெண்டுல எது பெட்டை?" என்றுதான் கேட்டார்கள்.

ஹார்லன் ரோலண்டைக் காட்டினார். ரோலண்ட் ஹார்லனைக் காட்டினார்.