அக்கா உறங்கிய பெரிய வியாழன்

நமுனுகுல மலைக்குக் கீழேயுள்ள தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயமொன்றில், எங்கள் பெற்றோரின் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. அம்மா கண்மூடியபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு நான்கு. அந்த மாதமே பாடசாலையை விட்டு, தோட்டத்தில் பேர் பதிந்து, கொழுந்து பறிக்கப் போனார். என்னைப் படிக்க வைத்து ஆசிரியையாக்கினார். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைக் கடைசிவரை தூக்கி, துடைத்து, ஊட்டியவரும் அவரே. உறவினர்கள் திருமணப் பேச்செடுத்தால், "அப்பா எந்திரிக்கட்டும், பாப்போம்" என்பார். அப்பா எழவேயில்லை.

அக்காவை நினைத்தால் ஒரு பெரிய வியாழன்தான் முதலில் வருகிறது. ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, அன்று எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தில் பங்குத்தந்தை பன்னிருவரின் பாதங்களைக் கழுவுவார். அந்த ஆண்டு அக்காவையும் அழைத்திருந்தார். அன்று வேலைநாள். மலையிலிருந்து நேரே வந்த அக்கா, குழாயடியில் காலை அலம்பிக்கொண்டு சுவரோரப் பெஞ்சில் அமர்ந்தார். அட்டைக்கடித் தழும்புகள், வெடித்த குதிகால். பண்டாரவளையிலிருந்து என்னுடன் வந்திருந்த சக ஆசிரியைகளின் முன்னால் எனக்குக் கூச்சமாக இருந்தது. அதை இங்கே எழுதுவதற்கும் கூசுகிறது.

தந்தை மண்டியிட்டதும் அக்கா காலை இழுத்துக்கொண்டார்.

"வேணாங்க சாமி. கால் ரொம்ப மோசமா இருக்கு."

"பரவாயில்ல, வைங்கம்மா."

வெந்நீர் பட்டது. ஒரு காலைத் துடைத்து மறுகாலை எடுப்பதற்குள், அக்கா சுவரில் தலைசாய்த்து உறங்கிவிட்டார். சிலர் சிரித்தார்கள். நான் எழுப்பப் போனேன்.

"தூங்கட்டும். வேல செஞ்சிட்டு வந்தவங்க" என்று தந்தை என்னைத் தடுத்து, அடுத்தவரிடம் நகர்ந்தார். நற்கருணை நேரத்தில்தான் அக்கா விழித்தார்.

வீட்டுக்கு நடக்கையில், "என்னக்கா இப்பிடிப் பண்ணிட்டே?" என்று கடிந்துகொண்டேன்.

"அம்மா போனதுக்கப்புறம் என் கால யாரும் தொட்டதில்ல புள்ள. சுடுதண்ணி பட்டதும் கண்ணு தானா சொக்கிருச்சு."

பெரிய வியாழனைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். அந்த நாள் எதற்காக என்பது எனக்கு விளங்கியது அந்தத் தேயிலைப் பாதையில்தான்.

சென்ற ஆண்டு அக்காவின் சிறுநீரகம் பழுதாகியது. பதுளை வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக மாதக்கணக்கில் அலைந்தோம். நானும் களைத்துப்போனேன். ஒருநாள் அலுப்பில் அவரிடம் எரிந்து விழுந்துவிட்டேன். அக்கா கோபிக்கவில்லை. "நீ வீட்டுக்குப் போயி படு. இங்க நான் இருந்துக்கிறேன்" என்றார், தாம்தான் நோயாளி என்பதையே மறந்தவர்போல. மூன்றாம் நாள், பங்குத்தந்தை எண்ணெய் பூசிச் செபிக்க, நோயில் பூசுதல் பெற்று, சத்தமின்றி இறைவனிடம் சென்றார்.

சிகிச்சையளித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இறுதிவரை வந்து செபித்த பங்குத்தந்தைக்கும், மழையில் வழுக்கும் பாதையில் அக்காவைச் சுமந்து சென்ற தோட்டத்துச் சகோதரர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டு லெட்சுமி அத்தை எங்கள் கோவிலுக்கு வருபவரல்லர். ஆனால் வைத்தியசாலையில் என்னுடன் முறைவைத்து இருந்தவர் அவர்தான். அடக்கம் முடிந்து அவர் கையைப் பிடித்து நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"நன்றியெல்லாம் எதுக்கு? மொதல்ல நீ சாப்பிடு" என்று சோற்றுத் தட்டை நீட்டினார்.

அன்று சாப்பிட மட்டுமே என்னால் முடிந்தது. அவருக்கும் உங்கள் எல்லோருக்குமான நன்றியை இன்றுதான் சொல்கிறேன்.

— தங்கை